கழுத்தில் மாடு

1

இந்தக் கதை நானாக எழுத நினைத்ததல்ல. டீச்சர் கேட்டார், எழுதினேன். எங்கள் மாலை வகுப்புக்கு அடுத்த பிள்ளைகள் வரப்போகிறார்கள். பிள்ளைகள் என்றால் மீசை நரைத்த பிள்ளைகள். என்னைப்போல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள், சலவை ஆலையில் துணி தேய்க்கிறவர்கள், பெருக்குகிறவர்கள். எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த புத்தகமோ பால்பல் விழாத குழந்தைக்கு அச்சடித்தது. அணில் ஓடும், ஆடு மேயும், அரசன் வருவான். இடுப்பு ஒடிய வேலை செய்துவிட்டு வந்து அணிலைத் துரத்தினால் தூக்கம்தான் வரும்.

டீச்சருக்கு என் மகள் வயது இருக்கும். பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறார். "அண்ணே, நீங்க ஒரு பாடம் எழுதிக் குடுங்க. நிஜத்துல நடக்குற மாதிரி கதையா இருக்கணும். சின்னச் சின்ன வாக்கியம். கொஞ்சம் புதுச் சொல். பெயர்ச்சொல்லும் வரணும், வினைச்சொல்லும் வரணும். கடைசியில கேள்வி."

"யாரைப் பத்தி?"

"அது உங்க இஷ்டம்."

யோசிக்கவே இல்லை, மனசில் இஸ்திரி அக்காதான் வந்து நின்றாள். எனக்கு இளையவள். வகுப்பே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்கா. அவளிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணே. ஆனா டீச்சரைத் தவிர, நான் படிச்ச பிறகுதான் மத்தவங்க படிக்கணும்," என்றாள்.

ஆகவே பாடம் ஒன்று தனியாக இருக்கிறது. நீங்கள் படிப்பது அதுவல்ல, அதை எழுதப்போய் நான் பட்ட பாடு.

2

முதல் தொடக்கம்:

இவர் ரேடியோ. ரேடியோ பேசுவார்.

(டீச்சர் ஓரத்தில் எழுதினார்: "ரேடியோ பொருள் ஆச்சே, ஆள்னு எப்படிப் புரியும்?" நியாயம்தான். அக்காவின் புருஷனை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், அதனால் எனக்கு உறுத்தவில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

ஒரு ஊரில் ஒரு

(வேண்டாம். எந்த ஊர் என்று கேட்பார்கள்.)

மூன்றாவது:

அவள் துணி தேய்க்கிறாள். அவர் பேசுகிறார். அவள் கேட்கிறாள்.

இதற்கு டீச்சர் சரி போட்டார். எனக்கும் பிடித்துப்போனதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சரக்குக் களத்தில் லாரிகளை வரிசைப்படி கூப்பிடுவது ரேடியோ அண்ணன் வேலை. ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் வேலை நிற்காது. தொண்டை ஒன்று போதும். வீட்டுக்கு வந்தும் ஓயமாட்டார். சோப்பு ஏன் கரைகிறது, பக்கத்து வீட்டுக் கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். "அணைக்கிற குமிழ் வைக்க மறந்து பெத்துட்டாங்க என் மாமியார்," என்பாள் அக்கா.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற நர்ஸ், இஸ்திரி அக்காவைப் பார்த்து, "இனிமே இவர் எழுதித்தான் காட்டணும். கூட இருக்கப்போறது நீங்களா? படிக்கத் தெரியும்ல?" என்று கேட்டார்.

"தெரியும்," என்றாள் அக்கா.

கைநாட்டு வைக்கிறவள். தெரியாது என்றால் படித்த யாரையாவது கட்டிலருகே உட்காரவைத்து, தன்னை வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

வெளியே வந்ததும் அவர் கரகரத்த குரலில் கேட்டார். "எப்பப் படிச்சே, எனக்குத் தெரியாம?"

"இனிமே படிப்பேன்."

"ஆபரேஷன் அடுத்த மாசம்."

"அப்ப அடுத்த மாசத்துக்குள்ள படிப்பேன். நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க."

"மூடத்தானே போறேன் இவளே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

அந்தக் கணத்தில் அவள் நெஞ்சு

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அவள் நெஞ்சு எனக்கு எப்படித் தெரியும்? கையைத் தெரியும். முழங்கை வரை சூடுபட்ட தழும்புகள். அந்தக் கையோடுதான் மறுநாள் மாலை வகுப்புக்கு வந்தாள்.)

4

எங்கள் வகுப்பு சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. பஞ்சர் ஒட்டுகிற பசை வாசம் படியேறி வந்து எங்களோடு உட்காரும். எங்களில் யாரும் அக்கா வேகத்துக்குப் படிக்கவில்லை. வேலையில் இஸ்திரிப்பெட்டி போகும்போது ‘மா’, திரும்பி வரும்போது ‘டு’ என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாளாம். "ஒரு போர்வைக்கு நாலு மாடு," என்பாள். மாதம் முடிவதற்குள் புத்தகத்தில் பாதியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். நான் அதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவன்.

புதிய சொற்கள்: கண், காது, கழுத்து, தலை, தலையணை.

5

ஆபரேஷன் முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்த நாளில், தன்னுடைய சிலேட்டை அவர் மடியில் வைத்தாள். பெருமை தாங்கவில்லை. "எழுதுங்க," என்றாள்.

அவர் எழுதினார். லாரிச் சீட்டு எழுதிப் பழகிய கை. வேகமாக, சாய்வாக, எழுத்தோடு எழுத்து ஒட்டிக்கொண்டு ஓடியது. எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பினார்.

அவளுக்குத் தெரிந்த எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை.*

* சின்ன வயதில் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு. புத்தகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற எழுத்து, மனுஷன் கையில் படுத்துக்கொள்கிறது. டீச்சர் கரும்பலகையில் அச்சுப்போலவே எழுதுவார். உலகமே அப்படித்தான் எழுதும் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

"சரிங்க," என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்கு வாய்வழியாகத் தண்ணீரே கொடுக்கக் கூடாது. அவர் கேட்டதும் தண்ணீரல்ல.

அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்துபோயிற்று. தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிய கொஞ்சம் நேரமானது, சத்தம் வரவில்லை அல்லவா? பிறகு கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன்போல் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிற்கவைத்தார்.

"த... லை... ய... ணை. தலையணை! தலையணையா கேட்டீங்க?" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். தலையணையைச் சரிசெய்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய்விட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

6

(இந்தப் பகுதி பாடத்துக்குள் போகவில்லை. டீச்சர் நீளம் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, இங்கே வைக்கிறேன்.)

மறுநாள் அவர் சைகையில் அவளுடைய புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவள் எந்தப் பாடம் வரைக்கும் வந்திருக்கிறாள் என்று விரலால் கேட்டார். காட்டினாள். அன்றிலிருந்து அவ்வளவு சொற்களுக்குள்தான் பேசினார். நாளெல்லாம் ஓயாமல் பேசின மனுஷன், குழந்தைப் புத்தகத்தின் பாதிக்குள் குடித்தனம் நடத்தினார்.

டாக்டர் வந்தால், அரசன் வந்தான். பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள் ஒளித்து பிஸ்கட் தின்றால், எலி. தாகம் எடுத்தும் குடிக்க முடியாமல் கிடந்தபோது, நான் ஒட்டகம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ‘வலி’ புத்தகத்தில் இன்னும் வரவில்லை. அதனால் வலித்த அன்று அவர் எழுதியது:

கழுத்தில் மாடு.

அவள் அதைப் படித்துவிட்டு வகுப்பில் வந்து சொன்னபோது, டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அணில் பாடத்தை மூடிவைத்து வலி, மருந்து, தூக்கம், பயம் என்று பலகை நிறைய எழுதினார். நாங்கள் எல்லோருமே படித்தோம்.

அடுத்த நாள் அக்கா அவரிடம் போய், "எனக்கு இப்ப ‘வலி’ படிக்கத் தெரியும். இனிமே மாடெல்லாம் வேண்டாம், நேரா எழுதுங்க," என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். வலி என்று எழுதினார். பார்த்தார். அழித்தார்.

மாடு நல்லது, என்று எழுதினார். கீழே இன்னொரு வரி: மாடு போகும்.

7

மாடு போகவில்லை. வீட்டுக்கு வந்து, சில மாதம் இருந்து, மறுபடியும் அதே வார்டு. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

(பாடத்தில் இப்படி எழுதியிருந்தேன். டீச்சர் அடித்துவிட்டார். புதிதாகப் படிக்கிறவர்கள் எழுத்துக்கூட்டி முடித்ததும், டாக்டர் எதற்குக் கையை விரித்தார், கையில் என்ன இருந்தது என்று கேட்பார்களாம். பாடத்தில் "இனி மருந்து இல்லை" என்று மாற்றினேன்.)

ரேடியோ அண்ணனிடம் அதைச் சொல்லவேண்டியவள் அக்காதான். சொன்னாள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப்போனது அந்த மத்தியானம். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்து சிலேட்டுக்குக் கை நீட்டினார்.

அவள் கட்டிலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். பெரிய எழுத்துக்காகக் காத்திருந்தாள்.

அவர் எழுதினார். பெரிய எழுத்தல்ல. பழைய எழுத்து, சாய்ந்து ஓடுகிற எழுத்து. சிலேட்டு நிறைந்தது. கையால் துடைத்தார். மறுபடியும் நிறைத்தார், துடைத்தார். அவள் பக்கம் திருப்பவே இல்லை. சுண்ணத்தூள் போர்வையில் கொட்டியது. நடுநடுவே நிறுத்தி ஒரு விரலை உயர்த்துவார், சோப்பு ஏன் கரைகிறது என்று விளக்கும்போது உயர்த்துவாரே, அதே விரல். மறுபடியும் ஓடும்.

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் நின்று பார்த்தார். மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குப் புரியலைல்ல? நான் படிச்சுச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சிஸ்டர்," என்றாள் அக்கா. அவர் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு பேசட்டும். ரொம்ப நாளாச்சு."

நடுநடுவே "ம்" கொட்டினாள்.

8

அவர் என்ன எழுதினார்? டீச்சர் கேட்டார், நீங்களும் கேட்பீர்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். எழுத்து எனக்குத் தலைகீழ். நேராக இருந்திருந்தாலும் அந்த வேகத்துக்கு நான் படித்திருக்க மாட்டேன்.

பாடத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அவளுக்கு நன்றி சொன்னார். இல்லை, அவர் நன்றி சொல்லி யாரும் கேட்டதில்லை.

(ஆ) சாகப் பயமாக இருக்கிறது என்று எழுதினார். இருக்கலாம். ஆனால் ‘பயம்’ அவளுக்குப் படிக்கத் தெரியும், ஒருவேளை அதனால்தான் அந்த எழுத்தில்

(இ) களத்து லாரிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. பிடித்தது என்பதற்காக ஒரு மனுஷன் வாயில் வார்த்தையைத் திணிக்கலாமா? அதுவும் வாயே இல்லாதவர் வாயில்.

மூன்றையும் அடித்துவிட்டேன். பாடத்தில் இருப்பது இவ்வளவுதான்: அவர் எழுதுகிறார். அவள் பார்க்கிறாள்.

அதற்குக் கீழே, கதை என்றால் முடியவேண்டுமே என்று, இன்னொரு வாக்கியம் போட்டிருந்தேன்.

9

டீச்சர் பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தார். சொன்னபடி முதலில் அக்கா. பெஞ்சில் உட்கார்ந்து, விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். தலையணை வந்த இடத்தில் சிரித்தாள். "மாட்டை விட்டுட்டீங்களே அண்ணே," என்றாள். "நீளமாம்," என்றேன். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

கடைசிக்கு வந்தாள்.

"அ... வ... ர்... அவர். இ... ற..."

விரல் நின்றது. அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள்தானே பக்கத்தில் இருந்தாள். ஆனாலும் விரல் நகர்ந்தது.

"ந்... தா... ர்."

சேர்த்துச் சொல்லவில்லை. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கீழே கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நீங்க எழுதினது தப்பில்ல," என்றாள். "நடந்ததுதான். ஆனா இதைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரமாச்சு பாத்தீங்களா? அவ்வளவு நேரமும் அவரு செத்துக்கிட்டே இருந்தாரு. நிஜத்துலகூட அவ்வளவு நேரம் ஆகல."

அந்த வரியில் மறுபடியும் விரல் வைத்தாள்.

"வர்றவங்க எல்லாரும் என்னை மாதிரிதானே, மெதுவா படிக்கிறவங்க. ஒவ்வொருத்தர் வாயிலயும் அவரு இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கணுமா?"

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "அப்போ எங்க முடிக்கிறது அக்கா? கதைக்கு முடிவு வேணுமே."

"அவர் எழுதுகிறார், அவள் பார்க்கிறாள்னு இருக்குல்ல, அங்க நிறுத்துங்க. அவங்க எவ்வளவு மெதுவா படிக்கிறாங்களோ, அவ்வளவு நேரம் அவரு எழுதட்டும்."

கடைசி வாக்கியத்தை நானே அடித்தேன். பாடம் அப்படியே அச்சுக்குப் போயிற்று. கேள்விப் பகுதியில் முடிவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் இது பாடமல்ல, உங்களுக்கு எழுதியது. நீங்கள் வேகமாகப் படிக்கிறவர். நான் அடித்த வாக்கியத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள். இந்தக் கதைக்கு அது இல்லாமல் முடியாது என்று தோன்றினால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், தடுக்கமாட்டேன். எழுதுமுன் ஒரு தரம், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.