எண்ணெய் கலக்காத பெட்ரோல்

ஆடிக் காற்றில் அப்புசாமியின் கிணற்று மேட்டுப் புளியமரம் பம்புசெட் அறையின் மேல் சாய்ந்துவிட்டது. கைரம்பத்தால் அறுக்க ஆள் வைத்தால் ஒரு வாரம் ஆகும். மகள் சுப்பாத்தாளைக் கட்டிக்கொடுத்த கொழிஞ்சாம்பாறையில் சம்பந்தி அர்த்தநாரியிடம் பெட்ரோலில் ஓடும் மெஷின் ரம்பம் ஒன்று இருந்தது. அவர் அதை இரவல் கொடுக்கும்போது, "பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஊத்தோணுமுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு நாள் அப்புசாமி கலந்தார். மூன்றாம் நாள் ஆயில் தீர்ந்துபோயிருந்தது. மரத்தில் ஒரே ஒரு கிளை பாக்கி. ஒரு கிளைக்கு என்ன ஆயில் என்று வெறும் பெட்ரோலை ஊற்றினார். பாதிக் கிளையில் ரம்பம் கிறீச்சிட்டு நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

"ஏனுங்க, சம்பந்திக்குச் சொல்லிப் போடலாமுங்க" என்றாள் மனைவி மயிலாத்தாள்.

"பொண்ணக் குடுத்த ஊட்டுல போயி இதைச் சொல்றதா?"

கோயமுத்தூரில் ஒரு கடைக்காரர் ரம்பத்தைக் கழற்றிப் பார்த்து, சிலிண்டரும் பிஸ்டனும் போய்விட்டன, எழுதிப்போட்டு வரவழைக்க மூன்று மாதம் ஆகும், எழுநூறு ரூபாய் என்றார். அப்புசாமி ரம்பத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கஞ்சிக்கோட்டில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் சுவக்கீனிடம் காட்டச் சொன்னார்.

சுவக்கீன் முன்பு பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மெக்கானிக்காக இருந்தவர். சாக்கைப் பிரித்ததும் ரம்பத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஆயில் ஊத்தலயா, அண்ணாச்சி?"

அப்புசாமி கூரையைப் பார்த்தார்.

"சிலிண்டர் போகல. பிஸ்டன் உருகி, அந்த அலுமினியம் உள்ள அப்பிக்கிட்டு நிக்கி. அதை எடுத்தாப் போதும். சாயங்காலம் வாங்க."

அப்புசாமி போகவில்லை. கடைவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சுவக்கீன் சோப்புக்குப் போடும் காஸ்டிக்கைக் கரைத்து, குச்சியில் துணி சுற்றி, சிலிண்டரின் உட்சுவரில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தார். அது நுரைத்து அலுமினியத்தைத் தின்றது. பிறகு பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்து, இறுகிக் கிடந்த வளையத்தைப் பிளேடால் நெம்பிவிட்டார். நான்கு மணிக்குக் கயிற்றை இழுத்ததும் ரம்பம் உறுமியது. அப்புசாமிக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு?"

"நாப்பது குடுங்க."

மறுநாள் கொழிஞ்சாம்பாறையில் அர்த்தநாரி வாசலிலேயே ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆயில் கலந்தீங்கல்லங்க? கலக்காம ஓட்டுனா மிஷினே போயிரும். அதைக்கூடச் செய்யறவன் இருக்கறானுங்க, அறிவு கெட்டவன்."

அப்புசாமி பொய் சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் சம்பந்தி இவ்வளவு நேராகக் கேட்டதும் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"கடைசிக் கிளைக்குக் கலக்கலீங்க. நின்னுபோச்சு. கஞ்சிக்கோட்டுல சுவக்கீன்கிட்டக் குடுத்துச் சரி பண்ணிக் கொண்டாந்திருக்கறேன். மன்னிச்சுக்கோணும்."

அர்த்தநாரி திட்டவில்லை. தாடையைத் தடவினார்.

"சுவக்கீனா? எவ்வளவு வாங்குனான்?"

"நாப்பது ரூவாங்க."

"நாப்பதா!" அர்த்தநாரி எழுந்தே விட்டார். "இதே வேலைக்கு எங்கிட்ட அறுவது வாங்கிப்போட்டானுங்களே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மறுபடியும் உட்கார்ந்தார். காப்பி கொண்டுவந்த சுப்பாத்தாள் இருவரையும் பார்த்து, "ஏனுங்கப்பா, என்னாச்சு?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்றார்கள்.

அடுத்த வாரம் அர்த்தநாரி கஞ்சிக்கோட்டுக்குப் போய் இருபது ரூபாயைத் திருப்பிக் கேட்டார். சுவக்கீன் தரவில்லை. முதல் தடவை உப்புத்தாளால் தேய்த்தே இரண்டு நாள் போயிற்று, அப்புறம்தான் காஸ்டிக் யோசனை வந்தது, சம்பந்திக்கு ஒரு நாள் வேலைதான் என்றார். அர்த்தநாரிக்கு இது நியாயமாகப் படவில்லை. அப்புசாமியிடம் வந்து முறையிட்டார். அப்புசாமிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மயிலாத்தாளைக் கூப்பிட்டு, சம்பந்திக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.