நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும்

கேட்டுக்கு வெளியே வந்து நின்ற அந்த அம்மாவை டிரைவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் விசாரணை அறையில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய மகள்தான் டிரைவர் ஓட்டிய பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடக்க ஓடியவள். டிரைவர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். அவர் போகவில்லை.

வீட்டு முன்னால் கார்டிலைன் வளர்க்க ஆரம்பித்தார். குட்டிப் பனைபோல நிமிர்ந்து, சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் வரிவரியாக ஓடும் இலைகள். பூக்குமா, காய்க்குமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. பிடித்து வளர்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுந்தார், தண்ணீர் ஊற்றினார், அவ்வளவுதான். "செடிகிட்ட பேசுறதுல கால்வாசி என்கிட்ட பேசினா என்னவாம்?" என்பாள் மனைவி. அவர் செடியிடமும் பேசியதில்லை.

அந்த அம்மாவைப் பார்த்ததும் மனைவி உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டாள். அந்த அம்மா உட்காரவில்லை.

"உங்க மொகத்த ஒரு தடவ பாக்கணும்னு வந்தேன். திட்டத்தான் வந்தேன். வர்ற வழியெல்லாம் நெறைய வெச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் வரல."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. மரத்துப்போன கையைக் கிள்ளியதுபோல எங்கோ, யாருக்கோ வலித்தது.

"இது என்ன செடி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கார்டிலைன்மா."

"ஒண்ணு குடுங்களேன். வெறுங்கையோட திரும்பிப் போக முடியல."

இருப்பதிலேயே நன்றாக வளர்ந்ததன் தலையை வெட்டி, அடி இலைகளை உரித்து, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தார். "மூணு வாரத்துல வேர் விட்டுடும்மா. வெளிச்சத்துல வைங்க. நிழல்ல வெச்சா பச்சையாயிடும்." ஆறு மாதத்தில் சேர்ந்தாற்போல் அவர் பேசியது அவ்வளவுதான்.

"வெட்டின எடம்?"

"பக்கத்துல ரெண்டு துளிர்க்கும்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகுதான் பட்டது. அந்த அம்மா மொட்டைத் தண்டையே சற்றுநேரம் பார்த்தார். தலையசைத்துவிட்டு நடந்தார்.

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரமாக அந்த அம்மா உட்கார, சிவப்பு இலைகள் கண்ணாடியில் நசுங்கி விரிந்தன. பஸ் நகர்ந்தது. குறுக்கே யாரோ சைக்கிளில் போனார்கள். வாசலில் நின்ற டிரைவரின் வலது கால் செடியடி மண்ணை அழுத்தியது. பஸ் திரும்பி மறைந்த பிறகும் காலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.