கொடும்பாவிக்கு ஒரு சேலை

ஊரில் இத்தனை பொம்பளைகள் இருக்க, உடுத்திப் பழசான ஒரு சேலை கிடைக்கவில்லை என்று சங்கரபாண்டியன் சொன்னதைச் சவுந்தரம் நம்பவில்லை.

"வீடு வீடாக் கேட்டுட்டேன் டீச்சரம்மா. ஒருத்தர்ட்டயும் இல்லங்கறாக."

அவள் டீச்சர் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் நாடகம் எடுப்பவள். படித்த கிறிஸ்தவப் பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க முடியும் என்று வேலாங்குளத்துக்காரர்கள் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். முதல் தடவை வந்தபோது அதைவிட மோசமாக நினைத்தார்கள். எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும், ஜீப்பைக் கண்டதும் ஆம்பளைகள் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறது என்று பயம். "பஞ்ச காலத்து நாடகம், ஒல்லியான ஆட்கள் வேண்டும்" என்று அவள் விளக்கியது சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்தது.

திருச்சுழிக்குத் தெற்கே, கரிசலில் கிடந்தது அந்த ஊர். புரட்டாசி பாதி போய்விட்டது. புழுதியிலேயே கம்பையும் குதிரைவாலியையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரை வாய் பிளந்து கிடந்தது. நூறு வருஷத்துக்கு முந்திய தாது வருஷப் பஞ்சத்தை எடுப்பதற்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது என்று காமிராக்காரர் பூமிநாதன் முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்ன குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவளுக்கும் அதே சந்தோஷம்தான்.

நாடகத்தின் உயிரே கொடும்பாவி இழுக்கும் காட்சி. மழை பெய்யவில்லையா, ஊரில் எவளோ பெரும் பாவம் செய்திருக்கிறாள். அந்தப் பாவிக்கு வைக்கோலில் உருவம் செய்து, சேலை கட்டி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்துப்போய், பொம்பளைகள் மாரடித்து அழ, சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிடுவார்கள். இதை ஸ்டுடியோவுக்குள் நாலு பேரை அழவிட்டு முடித்துவிடலாமே என்று மேலதிகாரி கேட்டார். "வெளியூர் போய்ப் படம் பிடிக்கிறதெல்லாம் உங்களால முடியுமாம்மா?" முடியும் என்று சொல்லித்தான் அவள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். காட்சி கிடைக்காமல் திரும்பினால் இனி அவளுக்குக் குழந்தைகள் நிகழ்ச்சிதான். அதை அவர் வாயால் சொல்ல வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

நாளைக் காலை நடிகர்கள் வருகிறார்கள். இன்றைக்கு ஊர்ப் பொம்பளைகளை வைத்து ஒத்திகை. பொம்மை சங்கரபாண்டியனின் பலசரக்குக் கடை ஓரத்தில் அம்மணமாகக் கிடந்தது. புதுச்சேலை வேண்டுமென்றால் அருப்புக்கோட்டையில் வாங்கிவிடலாம். ஆனால் புதுத்துணியின் கஞ்சி மினுக்கம் காமிராவில் காட்டிக்கொடுத்துவிடும் என்று பூமிநாதன் தலையை ஆட்டிவிட்டார்.

"போன வாரம் ஆளுக்கு ஆள் தாரேன்னு சொன்னாங்களே?"

"சொன்னாக. இப்ப இல்லங்கறாக. நான் என்ன செய்ய?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்றும் இப்படித்தான், எதையோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "பாளையங்கோட்டையில தாவீதுராஜுன்னு ஒரு வாத்தியாரு. உங்களுக்கு உறவா?"

அவள் "இல்லை" என்றாள். எதற்காகக் கேட்டார் என்று கேட்கவில்லை. தாவீதுராஜ் அவளுடைய புருஷன். டெலிவிஷன் வேலை கிடைத்தபோது, போனால் போனதுதான் என்றார். அவள் போனாள். அப்போது ஐந்து வயதாயிருந்த மகளை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள். சென்னையில் யாராவது கேட்டால் "அவுக அங்க வேலையா இருக்காக, பிள்ளையும் அங்கதான் படிக்குது" என்பாள். பொய் இல்லை. ஆனால் சொல்லும்போதெல்லாம் எதிராளியின் கண்ணைப் பார்த்துக்கொள்வாள், நம்பினார்களா என்று.

நேற்றிலிருந்து அவளுக்கு இந்த ஊரே வேறு மாதிரித் தெரிந்தது. அவளைக் கண்டதும் பேச்சு நிற்பது முன்னாலும் நடந்ததுதானா, நேற்றிலிருந்துதானா? சேலை இல்லை என்பதற்குக் காரணம் அதுதானா?

அவள் நேரே பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனாள். ஊர்ப் பொம்பளைகளில் ஒப்பாரி சொல்லப் பேர்போனவள் அவள். காட்சிக்கு முன்பாட்டு பாடப்போகிறவளும் அவள்தான். வாசலில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராமலட்சுமியும் இன்னும் இரண்டு பேரும் கூட இருந்தார்கள்.

"பொன்னுத்தாயி, அந்தக் கண்டாங்கியைத் தாரேன்னு சொன்னீங்களே."

"எந்தக் கண்டாங்கி?"

"அரக்குக் கலர். கரை நைஞ்சு போனது."

"அதா? அது கிழிஞ்சு அடுப்புத் துணியா ஆயிப்போச்சு டீச்சரம்மா."

"ஏக்கா, நேத்து அடுப்புத் துணியவா உடுத்திக்கிட்டு ரேஷன் கடைக்கு வந்த?" என்றாள் ராமலட்சுமி. எல்லாரும் சிரித்தார்கள்.

"வாய மூடுடி. பெரிய கொடையாளி. உன் சேலையக் குடேன், பாப்போம்."

"ஆத்தாடி, எம் புருசன் என்னையச் சேத்து இழுத்துருவாரு."

சவுந்தரம் சிரிக்கவில்லை. "எதையோ மறைக்கிறீங்க. நேராச் சொல்லிருங்க. நான்தான் காரணமா?"

பொன்னுத்தாய் சுளகைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கென்ன தாயி? நாலு வருசத்துக்கு முந்தி இதே மாதிரிதான், பொட்டு மழை இல்ல. கொடும்பாவி கட்டுனோம். எளவட்டப் பயலுக மேலத்தெரு சரஸ்வதி வீட்டுச் சுவத்துல காஞ்ச சேலையத் தூக்கியாந்து சுத்திட்டானுக. மயில் கழுத்துக் கலரு. அவ சேலைன்னு ஊருக்கே தெரியும்."

"அதனால என்ன?"

"மூணாம் நாளு மழை ஊத்திருச்சு."

"நல்லதுதானே?"

"நமக்கு நல்லது. அவளுக்கு? அவளக் கொளுத்துன பெறகுதான வந்துச்சு. அப்ப யாரு பாவி?"

"அவ என்ன பாவம் செஞ்சா?"

"யாருக்குத் தெரியும்? மழைக்குத் தெரிஞ்சிருக்குல்ல."

"யாரும் ஒரு சொல்லு சொல்லல" என்றாள் ராமலட்சுமி. அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "அவ கூடத் தண்ணிக்குப் போறத மட்டும் விட்டுட்டோம். பந்தல்குடிக்கு, ஆத்தா வீட்டுக்குப் போனவதான். இன்னும் வரல."

"மழை வராம இருந்திருந்தா?"

"வராட்டி அவளுக்கு ஒண்ணுமில்ல. வேற ஒருத்தியத் தேடியிருப்போம்."

சவுந்தரத்துக்கு உடம்பு லேசானது. இவ்வளவுதானா? "இது நாடகம் பொன்னுத்தாயி. மழைக்காக இல்ல."

"நாடகம் உங்களுக்கு. நாடகம்னு மேல இருக்கிறவனுக்கு யாரு போய்ச் சொல்றது?" பொன்னுத்தாய் சுளகை மறுபடியும் எடுத்துக்கொண்டாள். "நீங்க ஒங்க சேலையக் குடுங்களேன். நீங்க வெளியூரு. படத்தப் பிடிச்சுட்டுப் போயிருவீக. பாவமும் ஒங்க கூடவே ஜீப்புல ஏறிப் போயிரும்."

"டிக்கெட்டு இல்லாம" என்றாள் ராமலட்சுமி.

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை சவுந்தரமும் சிரித்தாள். இதை முதலிலேயே நினைத்திருக்க வேண்டாமா? ஜீப்பில் மாற்றுக்கு ஒரு சேலை வைத்திருந்தாள். சாம்பல் நிறத்தில் அகலக் கரை போட்ட நூல் சேலை, துவைத்துத் துவைத்து மங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நூறு வருஷத்துப் பழசாகத் தெரியும்.

ஜீப்புக்கு வந்து பையைத் திறந்தாள். சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

'ஒங்க சேலையக் குடுங்களேன்' என்றபோது பொன்னுத்தாய் மற்றவர்களைப் பார்த்தாளா? பார்த்த மாதிரித்தான் இருந்தது. வெளியூர் என்பதால் கேட்டாளா, தெரிந்து கேட்டாளா? சங்கரபாண்டியன் தன் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பார். பெண்டாட்டி குழாயடியில் சொல்லியிருப்பாள். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் என்று. தான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, சரி. வைக்கோலுக்குச் சேலை கட்டுவதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் கை ஏன் இதை விடமாட்டேன் என்கிறது?

"என்ன மேடம், வெளிச்சம் போயிரும்" என்றார் பூமிநாதன்.

அவள் இறங்கிப் போய்ச் சேலையைச் சங்கரபாண்டியனிடம் நீட்டினாள். வாங்கும்போது அவர் முகத்தைக் கவனித்தாள். அவர் சேலையைத்தான் பார்த்தார். "கோ-ஆப்டெக்ஸா?" என்று கேட்டார்.

ஒத்திகை தொடங்கியதும் ஊர் மாறிவிட்டது. அதுவரை ஒதுங்கி நின்ற பொம்பளைகளெல்லாம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். தங்களில் ஒருத்தியின் சேலை இல்லை என்றதும் பயம் விட்டுப்போயிருந்தது. இளவட்டங்கள் கயிற்றைப் பிடித்தார்கள். வைக்கோல் உடம்பு சாம்பல் சேலையோடு புழுதியில் இழுபட்டது. சவுந்தரம் இரண்டு கைவிரல்களையும் சதுரமாகக் கூட்டி அதற்குள் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்தாள். இந்தத் திருப்பத்தில் காமிரா, அந்தச் சுவர் ஓரத்தில் கதாநாயகி.

பொன்னுத்தாய் குரலெடுத்தாள்.

"பெத்த பிள்ளை பசி மறந்த பெரும்பாவி போறாளே, பெய்யாத மேகமெல்லாம் பேரு சொல்லி நிக்குதே..."

சவுந்தரத்தின் விரல் சதுரம் கலைந்தது. மாரடிக்கிற பொம்பளைகள் அவளைக் கடந்து போனார்கள். ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் போனதுதான் அவளுக்குப் பார்த்த மாதிரி இருந்தது.

கண்மாய்க் கரையில் ஊர்வலம் நின்றது. அவள் பொன்னுத்தாயைத் தனியே கூப்பிட்டாள்.

"அந்த வரி யார் சொல்லிக் கொடுத்தது?"

"எந்த வரி?"

"பெத்த பிள்ளை..."

"அதா? எங்க ஆத்தா பாடுவா. ஏன், நல்லா இல்லையா? வேற சொல்லவா?"

"வேண்டாம். நல்லாத்தான் இருக்கு."

பொன்னுத்தாயின் முகத்தில் ஒன்றுமே இல்லை. வேர்வைதான் இருந்தது. சவுந்தரம் அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியப்போவதில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எல்லாத் தலைகளும் வடக்கே திரும்பின. திருச்சுழிக்கு மேலே கருக்கென்று ஒரு மேகம் ஏறிக்கொண்டிருந்தது. காற்று நின்றுபோய்ப் புழுக்கம் வந்தது. தொலைவில், வண்டி பாலத்தில் ஏறுகிற மாதிரி ஓர் உறுமல்.

"ஏலே, கூடிருச்சுலே!" என்று ஒருவன் கத்தினான்.

சங்கரபாண்டியன் அவளிடம் ஓடிவந்தார். அத்தனை நாளும் கடைக்காரராக இருந்த மனுஷன் இப்போது விதைத்துவிட்டு நிற்கிற சம்சாரியாக இருந்தார். "டீச்சரம்மா, இழுத்தது இழுத்தாச்சு. இப்பவே கொள்ளி வச்சுருவோம். அப்படியே எறங்கிரும்."

"நாளைக்குத்தானே எடுக்கணும்?"

"ராத்திரிக்குள்ள வேற பொம்மை கட்டித் தாரோம். இதவிட நல்லதா."

"சேலை?"

"அதான் இன்னொன்னு உடுத்தியிருக்கீகளே!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, ஆம்பளைகள் சிரித்தார்கள். பொம்பளைகள் சிரிக்கவில்லை. அவர்கள் மேகத்தையும் பொம்மையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சரஸ்வதியின் மயில் கழுத்துச் சேலை நினைவுக்கு வந்தது. எரித்த பிறகு பெய்தால் நாளைக்கு இதே கண்கள்தான் தன்னைப் பார்க்கும். ஒரு சொல்லும் சொல்லாமல்.

பூமிநாதன் அவள் காதருகே குனிந்தார். "மேடம், மழை பெஞ்சா தரை நனைஞ்சிரும். அப்புறம் பஞ்சத்தை எங்க எடுக்கிறது?"

அது உண்மைதான். சொல்லக்கூடிய காரணம். அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கொளுத்த வேண்டாம். இன்னைக்கு மழை வரக் கூடாது."

சொல்லிவிட்ட பிறகுதான் அது எவ்வளவு சத்தமாக வந்துவிட்டது என்று தெரிந்தது.

"என்ன தாயி சொல்றீக?" என்றாள் பொன்னுத்தாய்.

"படம் எடுக்க... தரை காஞ்சிருக்கணும். அதுக்குச் சொன்னேன். ஒரே ஒரு நாள்தான்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சர்க்கார் ஜீப்பில் வந்தவள் சொல்லிவிட்டாள். கொள்ளிக்குத் தீப்பெட்டியை எடுத்தவன் அதை மடியில் செருகிக்கொண்டான். இளவட்டங்கள் கயிற்றைப் போட்டுவிட்டு நின்றார்கள். எல்லாரும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். போ, போ என்று அவளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. நாளைய படப்பிடிப்புக்காக என்று அதற்கு ஒரு பேர் கொடுத்தாள். பேர் ஒட்டவில்லை.

காற்று மறுபடி எழுந்தது. மேகம் தலைக்கு மேலே வரை வந்தது, கொஞ்சம் தயங்கியது. பிறகு மேற்கே சாய்ந்து, உடைந்து, பந்தல்குடிப் பக்கமாகப் போனது. அங்கே எங்கோ பெய்கிறது என்பது மாதிரி மண்வாசம் மட்டும் ஒரு தடவை வந்து போனது.

"அப்பாடா" என்றார் பூமிநாதன்.

ராமலட்சுமி முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நடந்தார்கள். சவுந்தரம் நின்ற இடத்தை விட்டு எல்லாரும் கொஞ்சம் சுற்றிப் போனார்கள்.

பொன்னுத்தாய் கடைசியாகப் போனாள். அவள் மட்டும் நின்று, சவுந்தரத்தை மேலும் கீழும் பார்த்தாள். காலையிலிருந்து எந்த முகத்தில் சவுந்தரம் சந்தேகத்தைத் தேடிக்கொண்டிருந்தாளோ அந்த முகத்தில் இப்போது சந்தேகம் சுத்தமாக இல்லை.

"காலையில எத்தன மணிக்குத் தாயி வரணும்?"

"ஏழு மணிக்கு."

"வாரோம். எல்லாரும் வாரோம்."

நாளைக்கு எப்படி அழ வேண்டும், எங்கே குரல் உயர வேண்டும், எப்போது பொம்மையை உதைக்க வேண்டும் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சவுந்தரம் எழுதி வைத்திருந்தாள். அவர்களுக்கு இனி எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.