மாதிரிக்கு ஒரு எண்

அண்ணனின் போனுக்கு வந்த செய்தியை அண்ணி வாய்விட்டுப் படித்தாள். "உங்கள் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவு தயார். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்." படித்துவிட்டுத் தன் முழங்கைகளின் உட்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்திய தடம் எதுவும் இல்லை. பிறகு போனை அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில், கரண்டிக்கு இணையாக, நேராக வைத்தாள்.

"யாருக்கோ வர வேண்டியது," என்றான் அண்ணன்.

"யாரோட பொண்டாட்டிக்கோ," என்றாள் அண்ணி.

அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் சரிபார்ப்பவள். மற்ற வீடுகளில் இலவசமாக நடக்கும் சந்தேகத்துக்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். யாராவது எங்கேயாவது மாட்டிக்கொண்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புவான். எங்கே போனான் என்பதற்கு உள்ளே மாட்டிக்கொண்டவர் மட்டுமே சாட்சி. இந்த இரண்டு வேலைகளுக்கும் முடிச்சுப் போட்டது யாருடைய யோசனையோ தெரியவில்லை. நான் கூடத்தை ஒட்டிய அறையில், வாடகை தராமல் இருக்கிறேன். ஆகவே எல்லாம் காதில் விழும், எதற்கும் கருத்துச் சொல்ல முடியாது.

அந்த வாரத்திலேயே, வந்த செய்திகளின்படி, அண்ணனின் மனைவிக்குப் பல் பிடுங்கினார்கள். பிறகு வலது முழங்காலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் அண்ணி தன் உடம்பைச் சரிபார்த்துக்கொண்டாள். பல் இருந்தது. முழங்கால் நன்றாக மடங்கியது. அதுவரை பாதி விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பகால ஸ்கேன் முடிவு தயார் என்று வந்த அன்று அவள் எதையும் சரிபார்க்கவில்லை. எங்கள் வீட்டில் குழந்தை என்ற சொல்லை, துடைத்துக் காயாத தரையைச் சுற்றிக்கொண்டு போவது போல, எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் போவோம். அவள் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிக் கட்டிலின்மேல் திறந்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். எத்தனை நாளைக்கு என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

நானும் அவனைச் சந்தேகப்பட்டேன். அவன் குளிக்கப் போனபோது சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாசனைதான் வந்தது. வேறு வாசனையே இல்லாதது எனக்குத் திருப்தியாக இல்லை. பிறகுதான் அந்தச் செய்திகளை நானே எடுத்துப் படித்தேன். 'நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்' என்ற வரியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நான் எழுதிய வரி.

நான் வேலை பார்க்கும் கம்பெனிதான் அந்த மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவுப் படிவமும், அதிலிருந்து போனுக்குப் போகும் செய்திகளும் செய்து கொடுக்கிறது. படிவத்தைக் கட்டம் கட்டமாக நாங்கள் வரைவதில்லை. ஸ்கீமா என்று ஒரு கோப்பு உண்டு. வயது எண்ணாக இருக்க வேண்டும், போன் எண் பத்து இலக்கம், உறவு இந்தப் பட்டியலில் ஒன்று, என்று அதில் எழுதிவைத்தால் போதும், படிவம் தானாக முளைத்துக்கொள்ளும். நிரப்பி அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் ஏபிஐ என்ற நிரலும் அதே கோப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசலில் நின்று சரிபார்க்கும். சமைப்பதும் அதுதான், குறை சொல்வதும் அதுதான். எங்கள் அம்மா மாதிரி.

போன் எண்ணுக்கு மாதிரியாக ஓர் எண் போட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒன்பதாகப் போட்டால் ஸ்கீமா ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொள்ளக் கூடாது என்று அதில் எழுதியவனே நான்தான். என் எண்ணைப் போட எனக்கென்ன பைத்தியமா. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் அண்ணனுடையது. அது கட்டத்துக்குள் மங்கலாகத் தெரிந்து, யாராவது தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிட வேண்டிய எண். போன மாதம் படிவம் தயாரிக்கும் மென்பொருளைப் புதுப்பித்தோம். புதியது சுறுசுறுப்பானது. மாதிரியை எடுத்து நிஜமாகவே நிரப்பிவிட்டது. உறவுப் பட்டியலிலும் முதலில் இருந்ததைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. முதலில் இருந்தது 'மனைவி'.

உறுதி செய்துகொள்ள மருத்துவமனைக்குப் போனேன். பதிவுக் கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவங்களா நம்பர் சொன்னா மாத்துவேன் சார். சொல்லலைன்னா அதுல இருக்கறதே இருக்கட்டும்னு விட்டுருவேன். கம்ப்யூட்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

"இத்தனை பேருக்கும் ஒரே நம்பர்னு உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரலையா?"

"பெரிய குடும்பம்னு நினைச்சேன்."

சனிக்கிழமை மாலை லேப்டாப்பைத் திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அண்ணியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அண்ணன் கதவுநிலையில் சாய்ந்து நின்றான். அண்ணி மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, விசாரணைக்கு உட்கார்ந்தவள் போல, வரிவரியாகப் படித்தாள். அண்ணனின் மனைவிகளில் ஒருத்திக்கு நான்கு வயது. ஒருத்திக்கு எழுபத்தொன்று. ஒருத்தி புரோஸ்டேட் பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். அங்கே வந்ததும் அண்ணி சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது முழுக்கச் சிரிப்புதானா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனும் சிரித்தான். இரண்டு மாடி தாண்டி வந்து நிற்கிற லிஃப்ட் மாதிரி, தாமதமாக.

"எங்க ஆபீஸ்ல எல்லா கட்டமும் ஒழுங்கா நிரம்பி வந்தா அந்த க்ளெய்மத்தான் மொதல்ல தனியா எடுத்து வைப்போம்," என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்க ஆளு அதையே பாத்துட்டு கதவத் தொறந்து விடுறான்."

"இப்ப விட மாட்டான் அண்ணி. மாதிரி நம்பரத் தூக்கிட்டேன். உறவ அவங்களே பாத்து எடுக்கணும், எதுவும் தானா விழாது. நம்பர் போட்டா அந்த போனுக்கு ஓடிபி போகும். அதை வாங்கிப் போட்டாத்தான் ஏபிஐ உள்ளயே விடும்."

"அப்ப இனிமே இவருக்கு ஒண்ணும் வராது."

"வராது. வந்தா அது நிஜமா இவருக்கு வந்ததா இருக்கும்," என்றேன். நன்றாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

அண்ணி புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். நான் பின்பக்கம் துணி எடுக்கப் போனபோது அண்ணனும் வந்தான். கொடியில் இருந்த கிளிப்புகளைத் தேவையில்லாமல் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

"டேய், ஏற்கெனவே என் நம்பர்ல இருந்ததெல்லாம் என்ன பண்ண?"

"அழிச்சாச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அதுல எது நெஜம் எது பொய்யின்னு யாருக்குத் தெரியும்? அடுத்த தடவை போறப்ப திரும்பக் கேட்டுப்பாங்க."

"ஓடிபியும் கேப்பாங்களா?"

"கேக்காம?"

"ம்," என்றான். என் வேலையைப் பற்றி அவன் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த சில நாட்கள் வீடு நன்றாக இருந்தது. போனில் எது வந்தாலும் அண்ணி, "இது எத்தனாவது?" என்பாள். பெரும்பாலும் மின்கட்டணமாக இருக்கும். அண்ணன் வேலைக்குப் போகும்போது, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான். முன்பெல்லாம் கேட்டாலும் சொல்ல மாட்டான். அண்ணி அதற்குத் தலையாட்டுவாள். ஒரு தடவை ஆட்டிய தலையை நிறுத்தி, அவன் போன பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து மூவரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தான். தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாகச் சீவுவதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. போன் ஒலித்தது. அவன் கை ஈரமாக இருந்ததால் அண்ணி எடுத்தாள்.

"எத்தனாவதுன்னு பாப்போம்," என்று சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கினாள். "உங்கள் நண்பர் நாளை காலை உள்நோயாளியாக அனுமதிக்கப்படுகிறார். பெண்கள் பிரிவு. உடன் தாங்கள் இருக்க வேண்டும்."

உறவுப் பட்டியலில் 'நண்பர்' கடைசியில் இருக்கிறது. மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் எல்லாவற்றையும் தாண்டி இறங்கிப் போய், அதன்மேல் விரலை வைக்க வேண்டும். பிறகு அண்ணனின் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

"எவனோ நம்பர மாத்திப் போட்டிருக்கான்," என்றான் அண்ணன். அதை என்னைப் பார்த்துச் சொன்னான்.

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. போனைக் கீழே வைக்கவும் இல்லை. அவளும் என்னைத்தான் பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களின் பொய்யைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவள், மிக மெதுவாக, ஏறக்குறைய அன்பாகக் கேட்டாள்.

"நீ எழுதினதுதானே தம்பி. எங்கயாவது தப்பு இருக்கும்ல?"

நான் எழுதியதில் தப்பு இல்லாத நாளே கிடையாது. அண்ணனின் கத்தி ஆப்பிளில் பாதியில் நின்றிருந்தது. சீவிய தோல் அறுபடாமல் மேசைக்கு வெளியே தொங்கி, மெல்லச் சுழன்றது, பிறகு எதிர்ப்பக்கம் சுழன்றது.