ஸ்கிரிப்டை அணைத்தவருக்கு மட்டும்

திண்டுக்கல் வட்டாரத்தில் பாதிப் பேர் தன்னுடைய ‘பூ விலை’ இணையதளத்தில்தான் கண் விழிக்கிறார்கள் என்று சேவியர் பெருமை அடித்துக்கொள்வார். பாதி என்பது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனாலும் நிலக்கோட்டை மல்லி இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்கத் தினமும் ஆள் வந்தது நிஜம். அவர்களுக்குக் காட்டும் விளம்பரங்களில்தான் அலுவலகம் ஓடியது. அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாகல் நகரில் ஒரு மாடி அறை, இரண்டு கணினி, சேவியர், அப்புறம் எல்லா வேலையும் பார்க்கிற அனிஷா.

ஒரு நாள் காலையில் சேவியர் குறையோடு வந்தார்.

“ஏம்மா, கொஞ்சப் பேருக்கு நம்ம விளம்பரமே தெரியறதில்லையாமே?”

தெரியாதுதான். பக்கம் திறந்ததும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் பின்னால் ஓடிப்போய் விளம்பரத்தை இழுத்துவந்து ஒட்டும். போனில் ஸ்கிரிப்டையே அணைத்து வைத்தவர்களுக்கு விலை மட்டும் தெரியும், விளம்பரம் இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடக்கும். அந்த இடத்தில் ஒரு சாதாரணப் படத்தை வைத்துவிடலாம் என்றாள் அனிஷா. ஸ்கிரிப்ட் அணைந்திருந்தால் மட்டும் படம் வரும், மற்றவர்கள் கண்ணில் படவே படாது.

“வச்சிரு. அதுக்கு ஒரு கடையப் பிடிக்கிற வரைக்கும் எதையாவது போட்டு வையி” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

எதைப் போடுவது? அனிஷா கணினியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்து ஸ்கிரிப்டை அணைத்து வைக்கிற கிறுக்கன் உலகத்தில் ஒருவன்தான். அவள் அண்ணன் ரஃபீக். போன் நம்மை வேவு பார்க்கிறது என்பான். பூ விலையைத் தவிர வேறெந்தப் பக்கமும் அவன் போனில் ஒழுங்காகத் திறக்காது, அதனால் பூவுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும் அதையே தினமும் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த அண்ணன்தான் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை பார்க்கும் தளம் ஒன்றில் அனிஷா தன் போட்டோவைக் கொடுக்கப்போக, அவர்கள் அதையே விளம்பரமாக்கி ஊரெல்லாம் காட்டிவிட்டார்கள். “உன் மூஞ்சிய ஊருக்கே போட்டு காட்டிட்டியே” என்று ரஃபீக் கத்தினான். ஏமாந்தது அவள், திட்டும் அவளுக்கா? அவளுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ எனக்கு அண்ணனே இல்ல” என்றாள். அன்றைக்குப் போனவன் நம்பரையும் மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அவளுக்கு நிக்காஹ் கூடியிருந்தது. அத்தா உயிரோடு இல்லை, மவுத்தாகிவிட்டார். பெண்ணுக்காகச் சபையில் நின்று ஒப்புக்கொடுக்கும் ‘வலி’ என்ற பொறுப்பாளராகக் கூடப்பிறந்தவன்தான் நிற்க வேண்டும். “அவன் வரமாட்டான். பெரியத்தா நிக்கட்டும்” என்று அம்மா சொல்லிவிட்டாள். அத்தாவின் அண்ணனான பெரியத்தா நல்ல மனுஷர்தான். ஆனால் அண்ணன் இல்லாத அந்தச் சபையை அனிஷாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அவள் ஒரு வெள்ளைப் படத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘அண்ணே, கோவத்துல சொன்னத மறந்துரு. எனக்கு நீதான் வேணும். வீட்டுக்கு வா. தங்கச்சி.’ கீழே அவள் நம்பர். பேர் எதற்கு? பார்க்கப்போகிறவன் ஒருவன்தானே.

மறுநாள் போன் அடித்தது. வயசான குரல்.

“தாயி, நான் பொம்மையன் பேசறேன். என்னையவா கூப்பிட்ட?”

“நீங்க யாருங்கய்யா?”

“எந்தங்கச்சி பேசி வருசமாச்சு. போன்ல பாத்ததும் அவதான் யாரையாச்சும் வச்சு எழுதிப் போட்டுருக்கான்னு நெனச்சேன். நீ அவ மகளா?”

இல்லை என்று விளக்குவதற்குள் அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. இவர் எதற்கு ஸ்கிரிப்டை அணைத்தார்? யோசித்து முடிப்பதற்குள் அடுத்த போன்.

“எவடி அவ? எம்புருசனத் தவிர வேற ஆளே கிடைக்கலையா ஒனக்கு?”

அவள் பேர் பேச்சாயி என்று பிற்பாடு தெரிந்தது. புருஷன் போனில் ‘எனக்கு நீதான் வேணும்’ என்று பெரிய எழுத்தில் பார்த்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

“அக்கா, அண்ணேன்னுதான போட்டுருக்கு!”

“மொதல்ல அப்படித்தான்டி ஆரம்பிப்பீங்க!”

அன்று பூராவும் இதே பாடு. ஒருவன் பேசாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டான். சேவியருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தார், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விளம்பரம்தான் வந்தது. மூடித் திறந்தார், மறுபடியும் எண்ணெய்.

“இம்புட்டுப் பேரு எதப் பாத்துட்டும்மா உன்னயக் கூப்புடுறாங்க?”

“அது உங்களுக்குத் தெரியாது சார்.”

“முதலாளி எனக்கே தெரியாத விளம்பரமா?”

அனிஷாவின் குழப்பம் வேறு. ஒரே ஒருவனுக்கு வைத்த படத்தை இத்தனை பேர் எப்படிப் பார்த்தார்கள்? தப்பாகச் செய்துவிட்டோமோ என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தாள். தப்பில்லை. மானமும் போயிற்று, அண்ணனும் வரவில்லை. படத்தை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். எடுத்துவிட்டால் அவனை எட்டுவதற்கு இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுப்போகும்.

சாயங்காலம் பேச்சாயியே திரும்பக் கூப்பிட்டாள். இந்த முறை குரலில் சூடு இல்லை.

“கோவிச்சுக்காத ஆத்தா. பக்கத்து வீட்டுக்காரன் போன்லயும் இருக்கு, கருவாட்டுக்காரி போன்லயும் இருக்கு. அம்புட்டுப் பேரும் எம்புருசனா? இப்பத்தான் எனக்கே வெளங்குச்சு.”

“அக்கா, நீங்க எந்த ஊரு?”

“குஜிலியம்பாறை.”

பொம்மையனும் குஜிலியம்பாறைதான் சொன்னார். அனிஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்க போன்ல யாராச்சும் எதையாச்சும் மாத்தினாங்களாக்கா?”

“செல்லுக்கடைத் தம்பி என்னத்தையோ அமத்திக் குடுத்துச்சு. நெட்டு சீக்கிரம் தீராதாம், எவனும் வேவு பாக்கவும் மாட்டானாம். ஊர்ல எல்லாத்துக்கும் அதுதான் பண்ணிக் குடுக்குது. நல்ல பிள்ள. துலுக்கப் பிள்ள.”

கடை எந்தத் தெருவில் என்று அனிஷா கேட்டு எழுதிக்கொண்டாள்.

காலையில் முதல் வேலையாகக் குஜிலியம்பாறைக்கு பஸ் ஏறினாள். எரியோடு தாண்டியதும் இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக் கிடக்கிற காடுகள். ஒருவேளை அவனாக இல்லாவிட்டால்? அவனாகவே இருந்து, பார்த்தும் கூப்பிடாமல் இருந்திருந்தால்? இரண்டாவதுதான் அவளுக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

அவனேதான். தாடி வளர்ந்து, இளைத்து, செல்லுக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு போனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

“பாத்தியாண்ணே?” என்றாள்.

“பாக்காம? வார ஒவ்வொரு போன்லயும் நீதான இருக்க.”

“அப்பறம் ஏன் கூப்பிடல?”

“எப்படிக் கூப்புடுவேன்? அன்னிக்கு மூஞ்சியப் போட்ட. இன்னிக்கு நம்ம சண்டையவும் ஊருக்கே போட்டு காட்டிட்ட. டீக்கடையில எல்லாம் இதே பேச்சு. எவன் அந்த அண்ணங்காரன்னு எங்கிட்டயே வந்து கேக்குறாங்க.”

அவள் தன் போனில் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். எண்ணெய் விளம்பரம். அவன் தன் போனைத் திறந்தான். ‘அண்ணே, கோவத்துல சொன்னத மறந்துரு.’ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இதென்ன, ரெண்டும் வேறயா இருக்கு?”

“ஸ்கிரிப்ட அமத்தினவங்களுக்கு மட்டும் வார மாதிரி வச்சேன். எனக்குத் தெரிஞ்சு அது நீ ஒருத்தன்தான. ஊருக்குப் போடலண்ணே. உனக்கு மட்டும்தான் போட்டேன். எனக்கு நிக்காஹ் கூடியிருக்கு.”

ரஃபீக்குக்கு விளங்கச் செத்த நேரம் பிடித்தது. கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகக் கிடந்த போன்களைப் பார்த்தான். ஊரார் போனையெல்லாம் வாங்கி ஒவ்வொன்றிலும் ஸ்கிரிப்டை அமத்திக் கொடுத்தது அவனேதான். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. சிரிக்கப்போகிறானா அழப்போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நிக்காஹ்வா?” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

“ம்.”

“வலியா யாரு நிக்கிறது?”

“பெரியத்தா.”

சடக்கென்று எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“அவரு எதுக்கு நிக்கணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

எத்தனையோ நாளாகக் கேட்க ஏங்கிய கத்தல் அது. அனிஷா கடை வாசலிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.