மொட்டைப் பாக்கெட்

எர்ணாவூரில் ஷம்ஷாத்தின் பெட்டிக்கடைக்கு விடிந்தால் லாரிக்காரர்கள்தான் போணி. "யக்கா, மொட்டை ஒண்ணு குடு" என்று கையை நீட்டுவார்கள். மொட்டை என்றால், அட்டையில் புற்றுநோய்ப் படம் இல்லாத கள்ளச் சிகரெட். வரி கட்டாமல் கப்பலில் வந்து இறங்குகிற சரக்கு.

சிகரெட்டுக்கு வரி ஏறியதும் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. அப்போதுதான் மொட்டைச் சரக்கு போடுகிற ஃபவாஸ் வந்தான். பாதி விலை, இரட்டை லாபம் என்றான். புருஷன் போன பிறகு தனியாளாக மகளைக் கல்லூரியில் படிக்க வைக்கிறவள், வாங்கிவிட்டாள். அன்றோடு மாட்டிக்கொண்டாள். இரண்டு முறை வேண்டாமென்று சொல்லியும் பார்த்தாள். "நிறுத்திக்க. போலீஸுக்கு ஒரு போன் போட்டா, நீதான் உள்ள போவ" என்று சிரித்தான். புலிவாலைப் பிடித்த கதைதான்.

அன்று காலை சொக்கம்மாள் கடைக்கு வந்தாள். அவள் கணவன் மண்ணாங்கட்டி சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு தூக்குகிறவர். தினமும் இங்கேதான் சிகரெட் வாங்குவார்.

"இன்னா சொக்கு, ஒரு வாரமா உன் வூட்டுக்காரரைக் காணோம்?"

"தொண்டையில புத்துநோயாம் யக்கா. ஆபரேசன் பண்ணா பேச்சு வராதாம்."

ஷம்ஷாத் எடுத்த சில்லறையைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"வெல ஏறினப்போ, இனிமே கட்டுப்படியாவாது, வுட்டுர்றேன்னாரு. பதினோரு நாள் தொடவே இல்லக்கா. அப்பறம் உன்னாண்ட மொட்டை கெடச்சுது. படம் இல்லாதது ஒண்ணும் செய்யாதுன்னு யக்காவே சொல்லிச்சுன்னாரு. மெய்யாலுமே சொன்னியா?"

சொல்லியிருந்தாள். வியாபாரத்துக்காக வாயில் வந்த பேச்சு. முப்பது வருஷப் புகைக்கு நானா பொறுப்பு என்று அவள் வாதாடியிருக்கலாம். ஆனால் அந்தப் பதினோரு நாளைக் கெடுத்தது அவள்தான். வெட்கத்தில் குறுகிப்போனாள்.

ஃபவாஸின் பைக் வந்து நின்றது. பண்டலை எடுத்துக் கடைப் பலகையில் வைத்தான். ஷம்ஷாத் அதைத் தள்ளிவிட்டாள்.

"எட்த்துக்கினு போ. இனிமே வராத."

"போன் போடட்டா?"

"நீ இன்னா போடறது? நானே டேசனுக்குப் போறேன். வித்தது நானு, குடுத்தது நீன்னு சொல்லிட்டு வர்றேன்."

அவன் பண்டலைப் பொறுக்கிக்கொண்டு பறந்தான். அவளுக்கு மகள் படிப்பு என்னாகும், கடை என்னாகும், ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் மிச்சமிருந்த மொட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினாள்.

"யக்கா, இன்னா பண்ற? உள்ள தள்ளிருவாங்க!" என்று சொக்கம்மாள் பதறினாள்.

"தள்ளட்டும்டி. வரின்றது உன் வூட்டுக்காரரு மாதிரி ஆளுங்க சிகரெட்டை வுடறதுக்குப் போட்ட பூட்டு. கள்ளச்சாவி போட்டுத் தொறந்தவ நானு. மலிவா கீதுன்னு வாங்கனீங்க, லாபமா கீதுன்னு வித்தேன். ஊருக்கு வரவேண்டிய வரியும் போச்சு, அந்த மனுசன் கொரலும் போச்சு."