ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்கின் இடக்கை

ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்கின் இடக்கைக் குத்து முதன்முதலில் குணப்படுத்தியது ஒரு பல்வலியை. மரக்கூழ் விலை ஏறியிருந்த 1971 நவம்பரில், எங்கள் ஊர் ஆஷ் போர்ட்டேஜின் பனித்தளத்தில், ஒரு ஹாக்கி ஆட்டத்தின் நடுவே அது நடந்தது. குத்து வாங்கியவன் காப்பர் லேக் ஊர் அணிக்காரன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்க, அவன் பனியில் எழுந்து உட்கார்ந்து, நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்து, பல நாளாகத் தூங்கவிடாத வலி போய்விட்டது என்று நடுவரிடம் சொன்னான். நடுவர் இருவரையும் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்காரச் சொன்னார். பல்வலி போனதற்கு விதிப்புத்தகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஹாக்கி என்றால் எங்களுக்குப் பனியில் ஆடுவதுதான். புல்லிலும் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. ஓரெஸ்ட் மேற்கே கோதுமை வயல் பக்கத்திலிருந்து வந்தவன். ஆள் கதவு அகலம். ஸ்கேட் கட்டிக்கொண்டு ஓடும்போது திரும்ப வேண்டுமென்றால் லாரிக்காரன் மாதிரி முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கோல் போடுவதைப் பற்றி அவனும் கவலைப்படவில்லை, எங்கள் மேலாளர் எய்னோ கொஸ்கேலாவும் எதிர்பார்க்கவில்லை. அவனுக்குச் சம்பளம் கொடுத்தது அடியாள் வேலைக்கு. எங்கள் அணியில் ரெமி தூசே என்று ஒரு பொடியன் இருந்தான். ஈரச் சோப்பு மாதிரி எவன் கையிலும் அகப்படாமல் ஓடி கோல் போடுவான். அவனை எவனாவது மட்டையால் அடித்தாலோ சுவரோடு நசுக்கினாலோ, ஓரெஸ்ட் மெதுவாகப் போய் அந்த ஆளிடம் "வர்றியா?" என்று கேட்பான். அவன் சண்டைக்குச் சம்மதித்துக் கையுறைகளைக் கீழே போட்டால் இவனும் போடுவான். போடாதவனைத் தொட மாட்டான். தன் அணிச் சட்டை போட்டவன் மேல் கை வைக்கவே மாட்டான். இதெல்லாம் எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது.

பல்வலிக்குப் பிறகு ஒருவனுக்குத் திக்குவாய் போயிற்று. இன்னொருவனுக்கு மூன்று பருவமாக நீங்காத இருமல் நின்றது. உடைந்த மூக்கும் வீங்கிய கண்ணும் வழக்கம்போல உடைந்தும் வீங்கியும்தான் இருந்தன, அதில் ஒரு சலுகையும் கிடையாது. காகித ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவர் மதுக்கடை வாசலில் ஓரெஸ்ட்டை நிறுத்தி, தன் முதுகுவலிக்கு ஒரு குத்து விடச் சொல்லிக் கெஞ்சினார். விட்டான். அவருக்குக் கண் கறுத்ததுதான் மிச்சம். பனியில், ஆட்டத்தின் நடுவில், எதிரணிச் சட்டை போட்டவன் கையுறையை உதறிவிட்டு நிற்கும்போது, உண்மையான கோபத்தோடு விழுந்தால்தான் குத்து வேலை செய்யும் என்று ஊர் ஒருவாறு கண்டுபிடித்தது. பாதிரியார் ஓனேசிம் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை, எழுபது வயதில், வாத இடுப்போடு, பக்கத்து ஊர் அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, ஓரெஸ்ட்டின் அம்மா சமைக்கும் பீட்ரூட் சூப்பைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கறுத்த கண்ணோடு கம்பீரமாக முழந்தாளிட்டு எழுந்தார். பிரசங்கம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது என்பதைத் தவிர யாருக்கும் குறை இல்லை.

வந்தது வினை அதற்குப் பிறகுதான். பயப்பட வேண்டிய அடியாளைப் பார்த்து ஒருத்தரும் பயப்படவில்லை. எதிரணிகள் நல்ல ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டு மூலக்காரனையும் மூட்டுவலிக்காரனையும் எங்கள் ஊருக்கு அனுப்பின. ஓரெஸ்ட்டுக்குக் கோபம் வர வேண்டுமே, அதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி ரெமி. வந்தவன் போனவனெல்லாம் அவனை அடித்தான், அடித்த கையோடு கையுறையைக் கழற்றிவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். ஓரெஸ்ட் ஓயாமல் குத்தினான். குத்தக் குத்த ரெமிக்கு அடி கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் குடலிறக்கம் கண்ட ஒரு தடியன் ரெமியின் வலது முழங்காலில் மட்டையை இறக்கினான். அவனுடைய குடல் அன்றைக்கே சரியாகிவிட்டது, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பினான். ரெமியின் முழங்கால் மடங்கவில்லை. வசந்தம் வரை ஒப்பேற்றலாம், அதற்குமேல் ஆட்டத்தை மறந்துவிடச் சொன்னார் டாக்டர். ஆட்டம் போனால் ரெமிக்கு ஆலையில் மரப்பட்டை உரிக்கும் வேலைதான். அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

ஓரெஸ்ட் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். ஊரில் உள்ளவன் நோயெல்லாம் தீர்த்த கை, தான் காவல் நின்ற ஒருத்தனுக்கு உதவவில்லையே என்று அவனுக்கு ஆறவில்லை. ரெமி தன் அணிக்காரன், அவனை அடிக்கவும் கூடாது, அடித்தாலும் பலிக்காது. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெந்நீரில் போட்டுக்கொண்டே அவன் மனைவி டாரியா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அணி மாறினால் போயிற்று என்றாள். ரெமியை அடிக்க எனக்குக் கை வராது என்றான் ஓரெஸ்ட்.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் வைத்தியம் பாத்தே," என்றாள் டாரியா. "நம்ம பையன் ரெமிக்குப் பாக்க மாட்டியா?"

மறுநாள் காலையில் ஓரெஸ்ட் எய்னோவிடம் போய், தன்னைக் காப்பர் லேக்குக்குக் கொடுத்துவிடச் சொன்னான். எய்னோ அதிகம் பேசாத ஃபின்லாந்துக்காரர். காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். காப்பர் லேக் மேலாளருக்குப் பித்தப்பையில் கல் இருந்ததால் பேரம் சட்டென்று படிந்தது. ஒரு பழைய பேருந்தையும் கொஞ்சம் மட்டைகளையும் கொடுத்து ஓரெஸ்ட்டை வாங்கிக்கொண்டார். தன் அணிக்கு வந்துவிட்டவன் தன்னைக் குணப்படுத்த முடியாது என்பது அந்த மனிதருக்கு ஓரெஸ்ட் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாராம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரியே நடந்துகொண்டோம். ஓரெஸ்ட்டைத் துரோகி என்று திட்டி ஒரு பதாகைகூட எழுதித் தொங்கவிட்டோம். அதை எழுதிய துணி டாரியா கொடுத்தது.

மார்ச்சில் காப்பர் லேக் அணி எங்கள் ஊருக்கு வந்தது. நிற்க இடமில்லை. ரெமியை எய்னோ கடைசிப் பகுதியில்தான் இறக்கினார். வலது காலை இழுத்து இழுத்து, படகு தள்ளுவது மாதிரி நேராக ஓரெஸ்ட் முன்னால் வந்து நின்றான்.

"வர்றியா?" என்றான் ரெமி. வாழ்க்கையில் அவன் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. கையுறைகளைக்கூட அவனுக்கு ஒழுங்காக உதறத் தெரியவில்லை, ஒன்று மணிக்கட்டிலேயே மாட்டிக்கொண்டது. அது கழன்று விழும்வரை ஓரெஸ்ட் பொறுமையாக நின்றான். பிறகு குத்தினான். ரெமியின் மூக்கில் ரத்தம் வந்தது, கால் அப்படியேதான் இருந்தது. மறுபடி குத்தினான். கன்னத்தைத் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது அது. ஓரெஸ்ட்டின் கண்ணில் தண்ணீர் நிற்பதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கோபம் வந்தால்தானே. நடுவர்கள் பிரித்துவிட வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், போயிற்று என்று நாங்களெல்லாம் முடிவு கட்டிவிட்டோம்.

ரெமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே பேசினான். சத்தமாகத்தான் பேசினான், பாதி அரங்கத்துக்குக் கேட்டது.

"நீ எனக்குக் காவல் நின்னேன்னு நெனச்சிட்டிருக்கியா? ஒழுங்கா ஒரு வளைவு திரும்பத் தெரியுமாடா உனக்கு? வருஷா வருஷம் எய்னோ உன்னை அனுப்பிடலாம்னு சொல்லுவாரு. நான்தான் வச்சுக்கங்கன்னு கெஞ்சுவேன். ஏன் தெரியுமா? உன்னைப் பாத்தா பாவமா இருந்துச்சு."

ஓரெஸ்ட்டின் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. அந்தக் குத்தை நான் பார்க்கவில்லை, யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, கேட்டது மட்டும்தான். கூரையில் தங்கியிருந்த பனிப்பாளம் சரிந்து விழுந்தது. ரெமி கோல் கம்பம் வரை வழுக்கிக்கொண்டு போய் முட்டி நின்றான். அவன் கிடந்தபடியே வலது முழங்காலை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான்.

எங்கள் பனித்தளத்தில் தண்டனைப் பெட்டி ஒன்றுதான். இரண்டு அணிக்கும் ஒரே பெஞ்சு, நடுவில் கடிகாரம் பார்க்கும் வின்ஸ்டன் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு இருவரும் பேசியதை அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், அதனால் எங்களுக்குத் தெரியும். ஓரெஸ்ட் தன் இடக்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தானாம். பிறகு திரும்பாமலே கேட்டானாம்.

"நீ சொன்னது நெசமா?"

"எய்னோகிட்ட கெஞ்சுனது நெசம்," என்றான் ரெமி, மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு. "பாவம்னு சொன்னதுதான் பொய். நீ இல்லாம பனியில எறங்க எனக்குப் பயம்டா. அத யாருகிட்ட சொல்லச் சொல்ற?"

ஓரெஸ்ட் வின்ஸ்டனின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, ரெமியின் தலையை ஒருமுறை பிடித்து ஆட்டினான். நடுவில் தான் ஒருத்தன் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள் என்றும், தனக்கே மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று என்றும் வின்ஸ்டன் சொன்னார்.

ஐந்து நிமிடம் முடிந்து கதவு திறந்ததும் ரெமி பாய்ந்தான். அவனைப் பிடிக்க வேண்டியது இப்போது ஓரெஸ்ட்டின் வேலை. ஓரெஸ்ட் ஓடினான், நியாயமாக, உண்மையாகவே ஓடினான். வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதினான். அங்கிருந்தே ரெமி கோல் போடுவதைப் பார்த்தான். எதிரணி கோல் போட்டதற்காக மட்டையால் பனியைத் தட்டி ஆரவாரம் செய்த காப்பர் லேக் ஆட்டக்காரன் அதுவரை இருந்ததில்லை. அவன் அணிக்காரர்கள் திட்டினார்கள். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். எங்கள் ஊரே எழுந்து நின்று, துரோகி என்று எழுதிய பதாகையை அவனைப் பார்த்து ஆட்டியது.

திங்கட்கிழமை டாக்டர் ரெமியின் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. கால்சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு தன் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, காப்பர் லேக் அணி அடுத்து எப்போது வருகிறது, கொஞ்சம் பருமனான ஆளுக்கு எய்னோவிடம் சட்டை இருக்குமா என்று விசாரித்தார்.